கலமும் அதன் தரையும்: புற்றுநோய்க் கலத்தின் நகர்வு பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

புற்றுநோயால் இறப்போருள் மிகப் பெரும்பாலானோரின் உயிரைப் போக்குவது முதலில் தோன்றிய கட்டியன்று. அக்கட்டியினின்று பிரிந்து சென்ற கலங்கள் ஈரலிலும் நுரையீரலிலும் என்பிலும் மூளையிலும் தோற்றுவிக்கும் கட்டிகளே அவர்களை மாய்க்கின்றன. ஆகவே, புற்றுநோய்க் கலம் எவ்வாறு இடம்பெயர்கின்றது என்னும் வினா அந்நோயின் மையத்தில் உள்ள வினாவாகும். இவ்வினாவிற்கு மருத்துவ விஞ்ஞானம் நெடுங்காலமாகக் கலத்தின் உள்ளேயே விடை தேடி வந்துள்ளது. கலம் எதன்மீது நகர்கின்றது, அப்பரப்பு வழுவழுப்பானதா, வரிவரியானதா, நார் நிறைந்ததா, இறுகியதா என்னும் வினாக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலமுறை எழுப்பப்பட்டுப் பலமுறை மறக்கப்பட்டன. கலம் பற்றி நிற்கும் அப்பரப்பை இக்கட்டுரையில் 'தரை' என்று குறிப்போம். தரை பற்றிய அறிவு ஏன் இவ்வாறு கண்டெடுக்கப்பட்டும் கைநழுவியும் வந்தது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. சான்றுகள் போதாமை அதற்குக் காரணமன்று என்பது எமது துணிபு.

தொடக்கத்தில் இரண்டு பெயர்களை நினைவுகூர்தல் வேண்டும். 1858இல் கல நோயியலை நிறுவிய ருடொல்ஃப் விர்ஷோ, உடலைக் கலங்களின் அரசாகவும் ஒவ்வொரு கலத்தையும் அவ்வரசின் குடியாகவும் உருவகித்தார். 1848இல் மேற் சிலேசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்று, வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியின் புறக்கணிப்புமே அதன் வேர்கள் என அறிக்கை எழுதியவரும் அவரே. சமூக நோய்க்குச் சூழலிற் காரணம் கண்ட அதே அறிஞரின் பெயரால், உடலின் நோய்க்குத் தனிக் கலத்திற் காரணம் தேடும் மரபு வேரூன்றியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பஜெற், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் பரவிய உறுப்புகள் தற்செயலாய் அமையவில்லை என்பதையும், சில உறுப்புகள் மிகுதியாகவும் சில அருமையாகவும் தாக்கப்படுகின்றன என்பதையும் அவர் கண்டார். வித்து எத்திசையிலும் சிதறலாம். இயைந்த மண்ணிற்றான் அது முளைக்கும் என்பது அவர் தந்த விளக்கம். இவ்வுவமை பாடநூல்களில் இடம்பெற்றதாயினும், மண்ணை ஆராயும் முறை எதுவும் அன்று இருக்கவில்லை. வித்தை ஆராயவோ நுணுக்குக்காட்டி இருந்தது.

தரை முதன்முதலிற் சோதனைப் பொருளானது புற்றுநோய் ஆராய்ச்சியிலன்று, நரம்பு பற்றிய ஒரு விவாதத்திலாகும். நரம்பு நார் ஒரு தனிக் கலத்தினின்று வளர்ந்து நீள்கின்றதா, அன்றி முன்னரே உள்ள இணைப்புகளின் வழியே உருவாகின்றதா என்பது அன்றைய சர்ச்சை. 1907இல் அமெரிக்கரான ரொஸ் ஹரிசன், தவளை முளையத்தின் நரம்பிழையத் துண்டொன்றை நிணநீர்த் துளியிலிட்டுக் கண்ணாடியிற் தொங்கவிட்டு, நரம்பு நார் கலத்தினின்று வெளிவளர்வதைத் தம் கண்ணாற் கண்டார். இழைய வளர்ப்பு என்னும் துறையே இத்துளியிற் பிறந்தது எனலாம். நிணநீர் உறைந்து நார் வலையானபோதே கலங்கள் வெளியேறின என்பதையும் அவர் கவனித்தார். பற்றிக்கொள்ள ஏதுமற்ற திரவத்தில் அவை உருண்டு திரண்டு அசையாது கிடந்தன. இதனைத் தீர்க்கமாகச் சோதிக்க விரும்பிய ஹரிசன் கையாண்ட கருவி சிலந்தி நூலாகும். வளர்ப்புத் துளியின் ஊடே சிலந்தி நூல்களை இழுத்துக் கட்டியபோது, முளையக் கலங்கள் அந்நூல்களைப் பற்றி, அவற்றின் நீளத்திற்கு நீண்டு, அவற்றின் வழியே நடந்தன. 1914இல் விரிவாக வெளியான அக்கட்டுரையின் பொருள், திண்மப் பொருள்களுக்கு முளையக் கலங்கள் காட்டும் எதிர்வினை என்பதாகும். சிலந்தி நூல் கலத்திற்கு உணவு தரவில்லை. இரசாயனக் கட்டளை எதையும் இட்டதாகவும் தோன்றவில்லை. அதன் வடிவமே வழியாயிற்று.

இவ்வழியிற் தொடர்ந்து சென்றவர் வியன்னாவிற் பிறந்து பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய போல் வைஸ் ஆவார். உறைந்த குருதித் திரவவிழையத்தை ஒரு திசையில் இழுத்தால் அதன் நார்கள் அத்திசையில் ஒழுங்குபெறும். கலங்களும் நரம்பு நார்களும் அவ்வொழுங்கைப் பின்பற்றும் என்பதை அவர் காட்டினார். மீன் செதிலின் இயற்கையான வரிகளின்மீதும் பிற்காலத்திற் கலங்களை ஓடவிட்டார். இத்தோற்றப்பாட்டிற்கு 'தொடுகை வழிகாட்டல்' என்னும் பெயர் நிலைபெற்றது அவராலேயே.

வைஸின் சோதனைகளுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. உறைந்த திரவவிழையத்தில் இரண்டு இழையத் துண்டுகளைச் சற்று இடைவெளியுடன் வைத்தால், அவை தம்மைச் சூழ்ந்த உறைவைச் சுருங்கச் செய்கின்றன. சுருக்கத்தின் இழுவிசையால் இரண்டிற்கும் இடையிலுள்ள நார்கள் ஒரு பாலம்போல் நேர்படுகின்றன. பின்னர் இரு துண்டுகளினின்றும் புறப்படும் கலங்கள் அப்பாலத்தின் வழியே ஒன்றையொன்று நோக்கிச் செல்கின்றன. முதலிற் பார்ப்போர்க்கு இது தொலைவிலிருந்து ஈர்க்கும் இரசாயனக் கவர்ச்சி போற் தோன்றும். உண்மையிற் கலங்கள் தாமே பாதையை உண்டாக்கித் தாமே அதிற் சென்றன. தரை கலத்தை இயக்குகின்றது, கலம் தரையை மாற்றுகின்றது என்னும் இருவழி உறவு இங்கு வெளிப்படையாய்க் கிடந்தது. அதனை உணர மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

இதே காலத்தில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில், ஹிற்லரின் ஜேர்மனியினின்று வெளியேறியிருந்த ஹான்ஸ் ஜோக்கிம் ஷெரர் என்னும் நரம்பு நோயியலாளர் மூளைக் கட்டிகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். மூளையின் கிளையோமாக் கட்டிக் கலங்கள் கண்டபடி பரவுவதில்லை என 1938இல் அவர் எழுதினார். வெள்ளைப் பொருளின் நரம்பு நார்க் கட்டுகளின் நெடுக்கிலும், குருதிக் குழாய்களைச் சுற்றியும், மூளையை மூடும் சவ்வின் கீழும், நரம்புக் கலங்களைச் சூழ்ந்தும் அவை அணிவகுத்து நின்றன. மூளையின் அமைப்பே கட்டியின் அமைப்பைத் தீர்மானித்தது. ஹரிசனின் சிலந்தி நூலும் ஷெரரின் நரம்பு நாரும் ஒன்றுக்கொன்று விளக்கமாயிருந்தும், அவ்விரண்டையும் இணைத்துப் படிப்பார் இருக்கவில்லை. முளையவியலாளர் நோயியற் சஞ்சிகைகளைப் படிப்பதில்லை. நோயியலாளர் விலங்கியற் சஞ்சிகைகளைப் படிப்பதில்லை. அறிவுத் தொழிலின் பிரிவினை எதைக் காணலாம் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றது.

ஷெரரைப் பற்றிப் பேசுவோர் அத்துடன் நிறுத்திக்கொள்வது முறையன்று. நாசிகளிடமிருந்து தப்பிச் சென்ற அவர், பெல்ஜியம் கைப்பற்றப்பட்ட பின்னர் ப்ரெஸ்லாவ் நகரிற் பதவியேற்று, நாசிகளின் 'கருணைக் கொலை'த் திட்டத்திற் கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை ஆராயும் பணியிற் பங்குகொண்டார். 1945இல் விமானக் குண்டுவீச்சில் இறந்தார். மூளைக் கட்டிக் கலங்கள் அணிவகுக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1938இன் அவதானங்கள் ப்ரெஸ்லாவிற் பெறப்பட்டவை அல்ல என்பது உண்மையே. ஆயினும் அப்பெயரை உச்சரிக்கும் மாணவன் முழுக் கதையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தரை பற்றிய ஆராய்ச்சி பின்தள்ளப்பட்டது. அதற்கு முதற் காரணம் வைஸின் மாணவரான றொஜர் ஸ்பெரியின் வெற்றியாகும். 1940களில் ஸ்பெரி, நீர்வாழ் உயிரிகளின் கண்ணைத் திருப்பி வைத்துச் செய்த சோதனைகளால், நரம்பு நார்கள் தத்தம் இலக்கைத் தெரிந்தெடுத்து அடைகின்றன எனக் காட்டினார். பௌதிகப் பாதை மட்டும் இத்தெரிவை விளக்கப் போதாது. இரசாயன அடையாளம் வேண்டும். இது நியாயமான திருத்தமே. ஆயினும் ஆசிரியர் மிகைப்படக் கூறியதை மாணவர் மறுத்தபோது, மிகையுடன் உண்மையும் சேர்ந்து வீசப்பட்டது.

இரண்டாவது காரணம் சாதாரணமானது, அதனாலேயே கவனிக்கப்படாதது. இழைய வளர்ப்பு ஒரு கைவினையாய் இருந்தவரை, ஒவ்வோர் ஆய்வாளரும் தமக்கு வேண்டிய தரையைத் தாமே ஆக்கினர். அது ஒரு தொழிற்றுறையாய் மாறியபோது, தட்டையான கண்ணாடியும் 1960களிலிருந்து தட்டையான பிளாஸ்திக்குத் தட்டும் எல்லா ஆய்வுகூடங்களுக்கும் பொதுத் தரையாயின. ஒப்பீட்டிற்கு அது வசதியானது. ஆனால், உடலினுள் எங்கும் இல்லாத வழுவழுப்பும் இறுக்கமும் கொண்ட பரப்பில் எல்லாக் கலங்களும் வைக்கப்பட்டமையால், தரை மாறிலியாயிற்று. மாறிலியானது கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. தட்டின்மீது விரியும் கலத்தின் வடிவத்தையே கலத்தின் இயல்பான வடிவமென ஒரு தலைமுறை மாணவர் கற்றனர்.

ஆயினும் அத்தட்டையான தரையிலேயே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மைக்கேல் அபர்குரொம்பியும் ஜோன் ஹேஸ்மனும் கோழிக் குஞ்சின் இதயத்திலிருந்து பெற்ற கலங்களைத் தொடர்ந்து படம்பிடித்து, அவற்றின் நகர்வை அளந்தனர். (உயிரியல் மாணவர் பலரும் பயன்படுத்திய பென்குயின் உயிரியல் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவர் இதே அபர்குரொம்பி.) 1953, 1954ஆம் ஆண்டுகளில் வெளியான அக்கட்டுரைகள் கலங்களின் சமூக நடத்தையைத் தலைப்பாய்க் கொண்டன. ஒரு கலம் இன்னொன்றைத் தொட்டதும் அத்திசையில் நகர்வதை நிறுத்துகின்றது. மற்றதன்மீது ஏறிச் செல்வதில்லை. இதனை அவர்கள் 'தொடுகை நிரோதம்' என்றனர். 1957இல் எலியின் சார்க்கோமாப் புற்றுக் கலங்களைச் சோதித்தபோது, அவை இத்தடையை மதியாது இயல்பான கலங்களின் ஊடே சென்றன. பிற்காலப் பாடநூல்கள் தொடுகை நிரோதத்தைக் கலப் பெருக்கம் நின்றுபோதலாகத் திரித்துக் கூறின. அபர்குரொம்பி முதலிற் பேசியது பெருக்கத்தையன்று, நகர்வையே என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது.

தரையின் வடிவத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சியினுள் நேரே கொணர்ந்தோர் இரு இடங்களிற் தோன்றினர். 1964இல் அடம் கேர்ட்டிஸும் வார்டேயும் கல நடத்தையை ஆளும் வடிவக் காரணிகள் பற்றிய கட்டுரையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். மொஸ்கோவில் யூரி வசீலியெவ், கணிதமேதை இஸ்ராயில் கெல்ஃபண்டுடன் இணைந்து இயல்பான கலங்களையும் உருமாறிய கலங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கெல்ஃபண்ட் தம் மகனொருவரை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1970இல் இக்குழுவினர், கலத்தினுள்ளிருக்கும் நுண்புன்குழாய்களைக் குலைத்தால் கலம் திசையிழக்கும் எனக் காட்டினர். 1971இல் ரொவென்ஸ்கி முதலியோர் தவாளிப்புகள் கொண்ட பரப்பில் நார்க் கலங்களின் நடத்தையை விவரித்தனர். இயல்பான கலம் தவாளிப்பின் திசைக்கு இசைந்து நீள்கையில், உருமாறிய கலத்தில் அவ்விசைவு குன்றியிருப்பதை மொஸ்கோ ஆய்வுகள் தொடர்ந்து வெளிக்கொணர்ந்தன. இரு கலங்களுக்கும் தரை ஒன்றே. எனவே கலம் தரையின் அடிமையுமன்று. தரையை 'வாசிக்கும்' உறுப்பு அதனுள்ளே உண்டு, புற்றுநோயில் அவ்வுறுப்புப் பழுதுறுகின்றது. மேற்குலகிற் பரவலாக வாசிக்கப்படும் வரலாறுகள் மொஸ்கோவிற்கு ஒரு அடிக்குறிப்பளவு இடமே தருகின்றன.

அவ்வுறுப்பு யாது? 1976இல் கேம்பிரிட்ஜின் ஸ்ட்ரேஞ்வேஸ் ஆய்வுகூடத்தில் டன், ஹீத் ஆகிய இருவரும் எளிய விளக்கமொன்றை முன்வைத்தனர். கலத்தை முன்னிழுக்கும் அக்ரின் நுண்ணிழைக் கட்டுகள் விறைப்பானவை. நேராயிருக்கும்போதே அவை செவ்வனே தொழிற்படும். மெல்லிய கண்ணாடி இழையின் குறுக்கே செல்ல முயலும் கலத்தில் அக்கட்டுகள் வளைய நேரிடும். நெடுக்கே சென்றால் வளைய வேண்டியதில்லை. ஆகவே கலம் நெடுக்கே செல்கின்றது. இவ்விளக்கம் எல்லா நிலைமைகளுக்கும் பொருந்தாது எனப் பின்னர் அறியப்பட்டதாயினும், மேற்பரப்பின் வடிவம் கலத்தினுள் விசையாக மாறும் வழியை முதன்முதலிற் தெளிவாக்கியது அதுவே. 1980இல் வட கரோலினாவில் அல்பேர்ட் ஹரிஸ் மறுதலையைக் கண்ணுக்குக் காட்டினார். மிக மெல்லிய சிலிக்கோன் இறப்பர்ப் படலத்தின்மீது கலங்களை வைத்தபோது, அவற்றின் இழுவையால் படலம் சுருக்கம் சுருக்கமாய் மடிந்தது. வைஸின் பாலத்திற்குரிய விசை இப்போது ஒரு தனிக் கலத்தின் கீழே தெரிந்தது.

இவ்வாராய்ச்சி வளர்ந்திருக்க வேண்டிய வேளையில் வேறொரு காற்று வீசிற்று. 1971இல் அமெரிக்கா புற்றுநோய்க்கு எதிரான 'போரை'ச் சட்டமாக்கியது. 1976இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் ஆய்வுக்குழு, கோழியின் புற்று வைரசிலுள்ள பரம்பரையலகு இயல்பான பறவைக் கலங்களினின்றே வந்தது எனக் காட்டியது. இது மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. அதன் விளைவாகப் பணமும் பதவியும் இளம் ஆய்வாளரும் பரம்பரையலகை நோக்கிப் பாய்ந்தமையும் இயல்பே. ஆனால், அதே கோழியின் அதே வைரசை வைத்தே 1984இல் மினா பிசலும் அவருடைய மாணவரும் பொருந்தாத உண்மையொன்றை வெளியிட்டனர். பொரித்த குஞ்சிற் கட்டியை உண்டாக்கும் அவ்வைரசு, இளம் முளையத்திற் செலுத்தப்பட்டபோது கட்டியை உண்டாக்கவில்லை. பரம்பரையலகு அங்கேயும் செயற்பட்டது, சூழல் இடங்கொடுக்கவில்லை. பிசல் 1982இலேயே கலத்திற்கும் அதனைச் சூழ்ந்த நார்க்கட்டமைப்பிற்கும் இடையே பரஸ்பர உறவு உண்டென வாதித்திருந்தார். அன்று அதற்குச் செவிசாய்த்தோர் மிகச் சிலரே.

தரை மீண்டும் அரங்கிற்கு வந்தது, எதிர்பாராத வாயிலால். கிளாஸ்கோவிற் பேராசிரியராயிருந்த கேர்ட்டிஸ், மின்பொறியியலாளர் கிறிஸ் வில்கின்சனுடன் கூட்டுச் சேர்ந்தார். கணினிச் சில்லுகளை ஆக்கும் ஒளிப்பொறிப்பு முறையால், மில்லிமீற்றரின் ஆயிரத்தொரு பங்கு அளவில் படிகளையும் தவாளிப்புகளையும் அவர்கள் விரும்பியவாறு பொறித்தனர். 1987இல் வெளியான ஆய்வில், படியின் உயரம் கூடக்கூட அதனைக் கடக்கும் கலங்களின் விகிதம் குறைந்தது. 1990இல், தவாளிப்புகளின் இடைவெளியைவிட ஆழமே கலத்தை மிகுதியாக நெறிப்படுத்துகின்றது எனக் கண்டனர். ஹரிசன் சிலந்தியிடமும் வைஸ் மீனிடமும் கருவி இரவல் வாங்கினர். கிளாஸ்கோ இலத்திரனியற் கைத்தொழிலிடம் வாங்கியது. உற்பத்திக் கருவி மாறியபோதே வினா அளவீட்டிற்கு உட்பட்டது என்பது கருத்தூன்றத்தக்கது.

மருத்துவமனைக்கு இவ்வறிவு வந்து சேர்ந்தது 2000க்குப் பின்னரே. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பற்றீசியா கீலியும் பாவ்லோ புறொவென்சானோவும், சாயமிடாமலே லேசர் ஒளியாற் கொலாஜன் நார்களைப் படம்பிடிக்கும் முறையைக் கொண்டு மார்புக் கட்டிகளை நோக்கினர். தொடக்கத்திற் கட்டியைச் சூழ்ந்து வேலிபோற் கிடக்கும் நார்கள், நோய் முற்றுகையிற் கட்டியின் விளிம்பிற்குச் செங்குத்தாய்த் திரும்பி நிற்பதை 2006இல் அறிவித்தனர். வேலி தெருவாகியது. கட்டியின் இழுவிசையே நார்களைத் திருப்புகின்றது. திரும்பிய நார்களின் வழியே கலங்கள் வெளியேறுகின்றன. 1930களில் ஒரு துளி உறைவில் வைஸ் கண்டதும் இதுவே. 2011இல் 196 மார்புப் புற்றுநோயாளரின் இழையங்களை ஆராய்ந்தபோது, இத்தகைய செங்குத்து நார்கள் காணப்பட்டோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்புக் குறைந்திருந்தது. கட்டியின் பருமன் முதலிய வழமையான அளவைகளைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நிலைத்தது. 1889இல் பஜெற் பேசிய மண்ணுக்கு இவ்வாறு ஓர் அளவுகோல் கிடைத்தது.

நார்த் தரையே பகைவன் எனின் அதனை அழித்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். அவ்வாறே எண்ணினர். கணையப் புற்றுநோயிற் கட்டியைச் சூழ்ந்த அடர்ந்த நார்த்திசுவைக் குறைக்குமென எதிர்பார்க்கப்பட்ட மருந்தொன்றின் பரிசோதனை, மருந்து பெற்றோரின் நிலை பெறாதோரினும் மோசமானமையால், 2012இல் நிறுத்தப்பட்டது. 2014இல் எலிகளிற் செய்யப்பட்ட இருவேறு ஆய்வுகள் காரணத்தைக் காட்டின: நார்த்திசுவை நீக்கியபோது கட்டி மேலும் மூர்க்கமாயிற்று. அதே நார் ஓரிடத்தில் வேலி, ஓரிடத்தில் தெரு. எத்திசையில், எந்நிலையில், எக்கலத்தோடு என்று கேளாமல் தரையை நன்றென்றோ தீதென்றோ பிரித்தவர்கள், முன்னர் கலத்தைத் தனித்துப் பார்த்தவர்கள் செய்த தவறையே தலைகீழாகச் செய்தனர்.

எமது நாட்டில் இவ்விடயம் தொலைவிலுள்ளதன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படுவது வாய்ப் புற்றுநோயாகும். பாக்கு மெல்லுவோரிடத்து, வாயின் சீதமென்சவ்வின் கீழ் கொலாஜன் நார் பெருகித் தடித்து, கன்னம் இறுகி, வாய் திறக்க இயலாது போகும் நிலையொன்று உண்டு. அது புற்றாக மாறும் வாய்ப்புடையது. இங்கே கலம் கெடுமுன் தரை இறுகுகின்றது. பாக்கின் இரசாயனம் எவ்வளவு, இறுகிய தரையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிவது எளிதன்று. ஆனால், வெற்றிலைப் பழக்கம் மிகுந்த தோட்டத் தொழிலாளரின் கன்னத்தை விரலால் தடவிப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளரும் இந்த இறுக்கத்தைக் கண்டறிய முடியும். 1980களில் இலங்கையில் அத்தகைய பணியாளரைக் கொண்டே வாய்ப் புற்றின் முன்னிலைகளைக் கண்டறியலாம் என்பது சோதித்துக் காட்டப்பட்டது. லேசர் இல்லாத நாட்டிலும் தரையை வாசிக்க வழியுண்டு.

தரையின் வழிகாட்டலையே சிகிச்சையாக்கும் முயற்சியொன்றும் நடந்துள்ளது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்திற் செய்யப்பட்டு 2014இல் வெளியான அவ்வாய்வில், மூளையின் நார்க் கட்டுகளைப் போலப் பல்பகுதிய நுண்ணிழைகள் ஒரு திசையில் அடுக்கப்பட்டு எலி மூளையிலுள்ள கட்டியின் அருகே செருகப்பட்டன. இழைகளின் மறுமுனை மூளைக்கு வெளியே, கலங்கொல்லி மருந்து கலந்த கூழ்மத்தில் முடிந்தது. ஷெரர் விவரித்தவாறே கட்டிக் கலங்கள் இழைகளைப் பற்றி வரிசையாய் வெளியே நடந்து, கூழ்மத்தை அடைந்து மடிந்தன. மூளையினுள் எஞ்சிய கட்டி சிறிதாயிருந்தது.